டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே, பாப்பா

பாப்பா,

போனில் நீ "ம், சொல்லுங்கப்பா" என்று ஆரம்பித்தாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. பின்கட்டுக் கொய்யா இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

போன வாரம் உமா கடைக்கு வந்தாள். மாப்பிள்ளை ஊருக்கு வந்தபோது அவளுக்கென்று நீ கொடுத்தனுப்பிய, முகத்தைச் சிவப்பாக்குகிற கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து, "பெரியப்பா, இதைப் பகலில் போடணுமா ராத்திரி போடணுமா, அக்கா போனே எடுக்க மாட்டேங்கிறா" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவன் முகவரி இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அடிப்பக்கம் பொடி எழுத்தில் ஒன்றே ஒன்று இருந்தது: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தெர்மாமீட்டர் உடைந்த அன்றைக்குப் பாதரசம் பட்டு அம்மா மோதிரத்துக்கு என்ன ஆச்சு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெஸ்ட் பண்ணாமல் நூறு சதவீதம் சொல்ல முடியாது, ஆனால் நகையில் படாதே என்று எந்த நல்ல கிரீமிலும் எழுத மாட்டார்கள். பாதரச உப்பைக் கலந்தால் தோலில் கருப்பு ஊறுவது நின்றுபோகும், சீக்கிரமே முகம் வெளுக்கும். நிறுத்தினால் பழையபடி கருக்கும், அதனால்தான் பூச ஆரம்பித்தவர்கள் நிறுத்துவதில்லை. உள்ளே இறங்கியது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நம்ம நாட்டில் முகக் கிரீமில் இதைச் சேர்க்கவே கூடாது, தெரியாமல் கலந்தால்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இருந்தும் மலப்புறம் ஜில்லா கோட்டக்கல்லில் 2021-லிருந்து 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் கணக்கெடுத்தபோது, 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம், அந்த 15-ல் 13 பேர் சிவப்பாக்குகிற கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படி.

உமாவுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டாலும் சரி. ஆனால் "அக்காவும் இதைத்தான் போடுறாங்களாம்" என்று அவள் சொன்னாள். உன் கேமரா இரண்டு மாதமாகக் கெட்டுப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சின்னவன், "தாத்தா, அம்மா கால்ல விரலை வச்சு அமுக்கினா குழி விழுது, அப்படியே நிக்குது" என்று விளையாட்டு மாதிரி சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சிறுநீரகம் கெட்டாலும் காலில் நீர் கோத்து இப்படிக் குழி விழும். ஒரு யூரின் டெஸ்ட் எடு. புரோட்டீன் போகிறதா என்று பார்க்கச் சொல், பெரிய செலவு இல்லை. போகும்போது நுரை நுரையாக இருக்கிறதா என்று நீயே கவனி. உன் தலையணையில்தான் சின்னவனும் படுக்கிறான், அந்தத் துண்டில்தான் முகம் துடைக்கிறான், அவனுக்கும் எடு.

எட்டு வயதில் கல்லாப் பெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையிலும் எக்ஸ்பைரி படித்துச் சொன்ன பிள்ளை நீ. ரெப்ரசன்டேடிவ் எல்லாம் உன்னைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். இன்றைக்கு அவ்வளவு பெரிய கம்பெனிக் கணக்கில் ஒரு திர்ஹாம் இடித்தாலும் கண்டுபிடிக்கிறாய். அந்தக் கண்ணுக்கு இந்த டப்பாவில் விலாசம் இல்லாதது தெரியாமல் போச்சா? பார்மசி படி என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்டாயா.

சரி, அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான்தான் பார்மசி படித்தவன். 2010-ல், பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால், அவள் உன் நிறத்தைப் பற்றிச் சொன்னது தாங்காமல் கடையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துவந்து உன் கையில் கொடுத்தேன். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்தது. மங்குக்கு டாக்டர் பார்த்து, சில வாரத்துக்கு எழுதிக் கொடுக்கிற மருந்து. நீ ஒரு வருடம் போட்டாய். நான் தடுக்கவில்லை, போட்டோவில் நன்றாக இருந்தாய். அப்புறம் கன்னம் சிவந்து, வெயில் பட்டால் எரிந்து, தாடை ஓரம் ரோமம் வந்து, ஆறு மாதம் துப்பட்டாவால் மூடிக்கொண்டு காலேஜ் போனாய். சூட்டுக் கொப்புளம் என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். அது சூடு இல்லை பாப்பா, அந்த ட்யூப். எனக்கு அப்போதே தெரியும். 2018-ல் ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று வந்தது, அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தேன், எத்தனை பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த டப்பாவை நீ வாங்கியிருப்பாயா என்று ராத்திரியெல்லாம் ஓடுகிறது.

உமாவுடையதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன். அவளைப் பெண் பார்க்க ஆவணியில் வருகிறார்களாம், அழுதுகொண்டே போனாள். உன்னுடையதைக் குப்பையில் போடாதே, மூடி இறுக்கிக் கவரில் கட்டி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. இன்றோடு பூசுவதை நிறுத்து. யூரின் டெஸ்ட் எடு. மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றால் தெரிய வேண்டாம், ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. எத்தனை மணியானாலும் சரி, போன் என் தலைமாட்டில்தான் இருக்கும். அடுத்த தடவை கேமராவைப் போட்டுப் பேசு.

கொய்யாவில் பாதியை அணில் தின்கிறது. மீதியை அம்மா யாரிடமாவது கொடுத்தனுப்பியே தீருவேன் என்று பெட்டி தேடிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா