சாட்ஸ்வொர்த் சிலுவைப் பாதை: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பங்கு மக்களுக்கும், டர்பனின் மற்றச் சபைகளிலிருந்து வந்து தோள்கொடுத்த சகோதர சகோதரிகளுக்கும்,

இந்தத் தவக்காலத்தில் நம் மண்டபச் சுவரில், இயேசு தீர்ப்பிடப்பட்டதிலிருந்து அடக்கம் வரையான 14 நிலைகளைக் காட்டும் லினோகட் (லினோலியத்தில் செதுக்கி அச்செடுக்கும்) படங்கள் ஏறின. வெள்ளிக்கிழமைகளில் அவற்றின் முன்னால் நின்றுதான் சிலுவைப் பாதை சொன்னோம். அதற்காக உழைத்த எல்லோருக்கும் நன்றி எழுதும் வேலை என்னிடம் வந்தது. "சுருக்கமா எழுதுங்க டீச்சர்" என்றார் பங்குத்தந்தை. சாமி சொன்னதில் அது ஒன்றை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை.

முதல் நன்றி, எங்களுக்குச் செதுக்கக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு. ஜூலு வழக்கப்படி சிறுசு பெருசு எல்லோரும் அவரை 'பாபா' என்றே கூப்பிட்டோம். ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் கலைப்பள்ளியில் படித்த ஒருவரிடம் தொழில் கற்றவர் அவர். 1879இல் நடந்த ஆங்கிலேயர்-ஜூலு போரை வைத்து அந்த ஊரை அறிந்தவர்கள் பலர். 1960களில் லூத்தரன் சபையின் ஆதரவில் ஒரு ஸ்வீடன் நாட்டுத் தம்பதியர் அங்கே நெசவும் அச்சுக்கலையும் கற்பித்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கறுப்பின மாணவருக்குக் கலைக்கல்லூரிக் கதவுகள் சாத்தியிருந்த காலம் அது. செசா மிஷன் மருத்துவமனையில் நோயாளியாக இருந்தபோது லினோ செதுக்கப் பழகிய அசாரியா ம்பாதா அந்தக் கலைப்பள்ளியிலிருந்து வந்தவர்தான். விவிலியக் கதைகளைக் கட்டம் கட்டமாக, ஆப்பிரிக்க முகங்களோடு செதுக்கியவர். அவருடைய படங்களின் நகல்களை முதல் நாள் மேசையில் பரப்பிவைத்தார் பாபா.

உளியை மட்டும் தரவில்லை. "மாற்கு பதினைந்தாம் அதிகாரம் வாசியுங்கள். வாசித்துவிட்டு, அங்கே யார் யார் நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்" என்றார். ஓவிய வகுப்பு என்று நினைத்து வந்த பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பெரியவர்களுக்கும்தான்.

லினோகட் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லினோலியத் தகட்டில் படத்தை வரைந்து, வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் உளியால் செதுக்கி எடுக்க வேண்டும். உருளையால் மை தடவினால் செதுக்காத மேட்டில் மட்டும் மை ஒட்டும். மேலே தாளை வைத்து அழுத்த வேண்டும். நம்மிடம் அச்சு இயந்திரம் இல்லாததால் மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தோம். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று முதலிலேயே முடிவுசெய்தாக வேண்டும், ஏனென்றால் வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. படம் இடம் வலமாக மாறி விழும் என்பதால் தமிழ்த் தலைப்புகளைத் திருப்பிச் செதுக்கினோம். அதில் 'ழு' பட்ட பாட்டைத் தனி மடலாக எழுதலாம்.

இப்போது ஐந்தாம் நிலைக்கு வருகிறேன். அதைச் செய்தவர் ஃபீனிக்ஸிலிருந்து வந்த அக்கா, பல வருஷம் துணி ஆலையில் தையல் வேலை பார்த்தவர். இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி படைவீரர்கள் வழியில் பிடித்த சிரேன் ஊர் சீமோனை அவர் கரும்பு வெட்டும் ஆளாகச் செதுக்கியிருந்தார். இடுப்பில் வேட்டித் துண்டு, தரையில் போட்ட வெட்டுக்கத்தி, தோளில் சிலுவை. 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த உருவம் உடனே பிடிபட்டது. ஆனால் ஓரத்தில் இரண்டு சிறுவர்கள் நின்றார்கள். யார் இவர்கள் என்று கேட்டேன். "டீச்சர், மாற்குல இருக்கே, வயலிலேருந்து வந்த ஆளு, அலெக்சாந்தருக்கும் ரூஃபுக்கும் அப்பான்னு? அப்பா போலீஸ்கிட்ட மாட்டிக்கிட்டா பிள்ளைங்க பார்த்துக்கிட்டுத்தானே நிக்கும்" என்றார்.

மாற்கு 15:21. எத்தனை தவக்காலம் அதைக் கேட்டிருப்போம்! மறைக்கல்வி வகுப்பில் நானே எத்தனை முறை வாசித்துக் காட்டியிருப்பேன்! சீமோன் வயல்வெளியிலிருந்து வந்தவன் என்பதும் அவனுக்கு இரண்டு பிள்ளைகள் என்பதும் எழுத்தில் இருக்கின்றன. கறுப்பினத்தவர் அனுமதிச் சீட்டோடுதான் நடமாடலாம் என்ற பாஸ் சட்டங்களும், இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டமும் நடந்த நாட்டில், தெருவில் போகிற ஆளை அதிகாரம் பிடித்து நிறுத்துவது எப்படி இருக்கும் என்று அந்த அக்காவுக்குத் தெரியும். அதனால் அந்த வரி அவர் கண்ணில் பட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்கள்தான் வாசிப்பு என்று 600ஆம் ஆண்டு வாக்கில் திருத்தந்தை பெரிய கிரகோரி ஓர் ஆயருக்கு எழுதினார். அவர் காலத்துக்கு அது சரி. நம் மண்டபத்தில் நின்றவர்கள் அனைவரும் படித்தவர்கள், இருந்தும் தையல்கார அக்கா காட்டிய பிறகுதான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தோம். கலைஞரை நம் கோயில்கள் அலங்காரத்துக்கு ஆள் என்று நினைக்கின்றன. என் எண்ணத்தில் அவர் மறையுரையாளருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டியவர்.

அந்த வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை தயாரித்து வந்த மறையுரையை மடித்துவைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா" என்று அக்காவை முன்னால் அழைத்தார். சாமி, அதற்குத் தனி நன்றி.

பெந்தெகொஸ்தே சபை அண்ணன் ஒருவர் விடாமல் வந்தார், விடாமல் சண்டையும் போட்டார். "ஆறாம் நிலையில் வெரோனிக்கா முகம் துடைக்கிறாளே, வசனம் காட்டுங்கள்" என்று கேட்டார். காட்ட முடியாது, இல்லை. 14 நிலைகள் என்ற கணக்கே 1731இல்தான் உறுதியானது. 1991இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், நற்செய்தியில் உள்ள நிகழ்வுகளை மட்டும் கொண்ட ஒரு சிலுவைப் பாதையைக் கொலோசியத்தில் நடத்தினார், அதில் வெரோனிக்கா கிடையாது. இதையெல்லாம் நாங்கள் தேடிப் படித்தது அண்ணன் கேட்டதால்தான். படம் விக்கிரகம் ஆகிவிடுமோ என்ற அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன் பெரிய விலை கொடுத்து விட்டுவந்த விஷயம் அது. நமக்குள் அது தீரவில்லை. ஆனாலும் பதினான்கு படத்துக்கும் சட்டம் அடித்துக் கொடுத்தவர் அவர்தான், மரமும் அவருடையது. அண்ணே, நன்றி. வாதம் பாக்கி இருக்கிறது.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் ஒரு மாலை ப்ரொஜெக்டரில் இரண்டு பீடப் படங்களைக் காட்டினார். ஒன்று ஜெர்மன் ஓவியர் க்ரூனேவால்ட் 1512 முதல் 1516 வரை ஈசன்ஹைம் துறவு மடத்துக்காக வரைந்தது. ரை (rye) என்ற தானியத்தில் பூஞ்சை பிடித்து வரும் நோயால் உடல் அழுகியவர்களை அந்த மடத்தில் பராமரித்தார்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோலிலும் புண்களை வரைந்துவைத்தார் ஓவியர், நோயாளி தன் உடம்பை அங்கே கண்டுகொள்ளும்படி. இன்னொன்று நம் நாட்டிலேயே, கிழக்குக் கேப்பின் ஹாம்பர்க் என்ற கடலோரக் கிராமத்தில், 2005இல் அதே அமைப்பில் நூலாலும் மணியாலும் செய்த கீஸ்காமா பீடத்திரை. எய்ட்ஸ் ஊரையே காலி செய்துகொண்டிருந்த காலத்தில், மருத்துவரும் ஓவியருமான கேரல் ஹாஃப்மெயர் தொடங்கிய அமைப்பில் பெண்கள் கூடித் தைத்தது. முன்பக்கச் சிலுவையோடு நிற்பவள் கணவனைப் பறிகொடுத்த ஒரு விதவை. கடைசி மடிப்பைத் திறந்தால், புனிதர்கள் இருக்கவேண்டிய இடத்தில் அந்த ஊர்ப் பாட்டிகள் மூவர் பேரப்பிள்ளைகளோடு. எய்ட்ஸ் வார்டில் வேலை பார்த்த நர்ஸம்மா அந்தப் படம் வந்ததும் பேச்சை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டாங்கர் பக்கத்துத் தாத்தா, ரொனால்ட் ஹாரிசனின் 'கறுப்புக் கிறிஸ்து' கதையைச் சொன்னார். 1962இல் கேப் டவுன் இளைஞரான ஹாரிசன், சிலுவையில் விடுதலைப் போராட்டத் தலைவர் ஆல்பர்ட் லுத்துலியின் முகத்தையும், ரோமப் படைவீரர்களுக்கு இன ஒதுக்கல் அரசின் பிரதமர் ஃபெர்வூர்ட், நீதியமைச்சர் ஃபோர்ஸ்டர் முகங்களையும் வரைந்தார். அரசு தடைசெய்தது, வரைந்தவரைப் போலீஸ் வதைத்தது, படம் ரகசியமாக இங்கிலாந்து போய் 1997இல்தான் திரும்பியது. லுத்துலி வாழ்ந்த க்ரூட்வில், தாத்தாவின் ஊருக்குப் பக்கம். கேட்டுக்கொண்டிருந்த நம் பதினோராம் வகுப்புப் பெண் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் உட்கார்ந்து, ஆணி அறையும் சிப்பாய்க்குத் தன் முகத்தையே செதுக்கிவந்தாள். ரெம்பிராண்டும் சிலுவையை நிமிர்த்துகிறவர்களில் ஒருவராகத் தன்னை வரைந்தவர்தான், அதை அவளிடம் பிறகுதான் சொன்னேன். "அப்படியா மிஸ்?" என்றாள், பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தாத்தாவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நன்றி.

எட்டாம் நிலையின் எருசலேம் பெண்களை டோங்காட்டிலிருந்து வந்தவர்கள் செய்தார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற அதே வரிசை, அதே வாளிகள்.

பதின்மூன்றாம் நிலையில் என்ன பாடுவது என்று குழப்பம். கீர்த்தனை பாட ஆள் இருந்தும் அந்தப் படத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. மகனை மடியில் வாங்கிய மரியாவை, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்த நம் வீட்டுப் பெண்ணாகச் செதுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்த யூனிட் 3 ஆயா, யாரும் கேட்காமலே, சாவு வீட்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார். "என் ராசா" என்று தொடங்கி, பிள்ளையின் கையை, காலை, நெற்றியை ஒவ்வொன்றாகச் சொல்லி. தமிழ் தெரியாத இளவட்டங்கள்கூட அசையாமல் நின்றார்கள். மறுவாரம் ஒலிபெருக்கியோடு அவரை அழைத்தோம். "அழுகையை மைக்ல வைக்கக் கூடாது" என்று மறுத்துவிட்டு, மைக் இல்லாமலே அழுதார். ஆயாவின் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

மற்றவர்களை வேகமாகச் சொல்கிறேன். பேசிவைத்திருந்த வேறொரு மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்தபோது, நம் மண்டபத்தைச் சுண்ணாம்பு அடித்துத் தயாராக்கிய இளைஞர் குழு. பருப்புச் சோறு சமைத்த மாதர் சபை. மையும் உருளையும் அடக்க விலைக்குத் தந்த கடைக்காரர், பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார். வேன் ஓட்டிய மாமா.

நிதிக்குழுவுக்கும் ஒரு வார்த்தை. பூவுக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்குகிறோம், படம் செய்கிறவரிடம் வந்தால் மட்டும் "ஆண்டவருக்குத்தானே செய்றீங்க" என்கிறோம். இந்த முறை பாபாவுக்குக் கேட்ட கூலியைக் குறைக்காமல், முன்பணத்தோடு கொடுத்தீர்கள். அடுத்த வருஷக் கணக்கிலும் அந்த வரி இருக்கட்டும், நான் வந்து பார்ப்பேன்.

படங்கள் பெந்தெகொஸ்து ஞாயிறு வரை சுவரில் இருக்கும். லினோ தகடுகள் பாபாவிடம் உள்ளன. வேறு பங்குகளோ சபைகளோ அச்செடுக்க விரும்பினால் அவரிடமே பேசி, அவருக்கே பணம் கொடுங்கள். மண்டபச் சமையலறையில் யாரும் உரிமை கோராத மூன்று பெரிய பானைகளும் ஒரு ரொட்டிக் கல்லும் கிடக்கின்றன. உரியவர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாங்கிக்கொள்ளவும்.

நன்றியுடன்,
சிலுவைப் பாதைக் குழுவுக்காக,
உங்கள் மறைக்கல்வி டீச்சர்