செங்கல்லுக்குப் பின்னால் ஒரு கட்டை வீடு: நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

31 கோட்டோவியங்களையும் நூலகக் கூடத்தில் மாட்டி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், டோர் கவுண்டியின் தென்கோடியில், நாமூர், பிரஸ்ஸல்ஸ் என்று பெல்ஜியப் பெயர் வைத்த ஊர்களைச் சுற்றி, பெல்ஜியக் குடியேறிகள் கட்டிய பழைய கட்டடங்களை இரண்டு கோடைக்காலம் வரைந்தவை. நீங்கள் கதவு திறந்திராவிட்டால் சாலையோரம் நின்று வரைந்த வெறும் சுவர்களோடு திரும்பியிருப்பேன். உதவியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாதே என்றாள் மகள். அவளே அவர்களுக்குப் படித்துச் சொல்வதாக ஏற்பாடு.

முதல் நன்றி அந்தப் பால்பண்ணைப் பெரியவருக்கு. வேலியோரம் வரைந்துகொண்டிருந்தவனை, "வெளியே மட்டும் பார்த்தால் எப்படி?" என்று நிலவறைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய் டார்ச் அடித்தார். வெளியே பளிச்சென்ற சிவப்புச் செங்கல் வீடு. அதற்குப் பின்னால் கோடரியால் செதுக்கிய முழுக் கட்டைகள், மூலையில் ஒன்றோடொன்று பூட்டி, இடுக்கில் சாந்து அடைத்து. 1871 அக்டோபர் 8 இரவுத் தீயில் தப்பிய வீடாம். அதே இரவில்தான் சிகாகோவும் எரிந்தது, கிரீன் பே விரிகுடாவுக்கு அக்கரையில் பெஷ்டிகோ ஊரே சாம்பலானது. சிகாகோவில் இறந்தவர்கள் சுமார் 300 பேர், பெஷ்டிகோ தீயிலோ ஆயிரத்துக்கும் மேல். ஆனாலும் ஊருலகத்துக்குத் தெரிந்தது சிகாகோ மட்டும்தான். 1853 முதல் இங்கே வந்து காடு திருத்திய, பிரெஞ்சுக்கு நெருங்கிய வாலோன் மொழி பேசும் பெல்ஜியர்கள், அந்த இரவுக்குப் பிறகு செங்கல்லுக்கு மாறினார்கள். தப்பிய கட்டை வீடுகள் சிலவற்றுக்கும் செங்கல்லைப் போர்த்தினார்கள். அழகுக்கா, பயத்துக்கா என்று கேட்டேன். பெரியவர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

இந்தச் செங்கல் போர்வையை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கக் கற்றுத்தந்தவர் ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர். முழுச் செங்கல் சுவர் என்றால் சில வரிசைகளில் கல்லின் குட்டை முகம் தெரியும். உள்ளே குறுக்காக ஓடிச் சுவரைக் கட்டிப்பிடிக்கிற கல் அது. எங்கும் நீள முகம் மட்டுமே தெரிந்தால் பெரும்பாலும் ஒற்றைக்கல் போர்வைதான். கூரை முக்கோணத்தின் உச்சியில் இருக்கும் வட்டச் சன்னலை நான் மூன்று முறை தப்பாக வரைந்தபோதும் பொறுமையாகத் திருத்தினார். அவருக்கு என் ரப்பரும் கடமைப்பட்டிருக்கிறது.

கோடை அடுக்களையைத் திறந்து காட்டிய பாட்டிக்கு எப்படி நன்றி சொல்ல? வெயில் காலத்தில் வீட்டுக்குள் வெக்கையும் நெருப்பும் வேண்டாமென்று தனியே கட்டிய சின்னக் கட்டடம் அது. பின்சுவரிலிருந்து ரொட்டி அடுப்பு வயிறு தள்ளி நிற்கிறது, தலைக்குமேல் தனிக் கூரையோடு. உள்ளேயே விறகை எரித்து, தணலை வாரிவிட்டு, கல் பிடித்துவைத்திருக்கும் சூட்டில் சுடுவது. அறுவடைத் திருவிழாவான கெர்மிஸ் சமயத்தில் அவருடைய அம்மா டஜன் கணக்கில் 'பை' என்ற இனிப்புப் பண்டம் சுடுவாராம். எனக்கும் ஒரு துண்டு வந்தது, அடியில் உலர்ந்த ப்ளம் விழுது, மேலே பாலாடைக்கட்டி. மரியாதைக்கு ஒன்று என்று ஆரம்பித்து மூன்று சாப்பிட்டேன்.

நாமூரில் பழைய தேவாலயத்தில் இயங்கும் பெல்ஜிய மரபு மையத்தின் தன்னார்வலர்கள், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே ஆவணக் காப்பகத்தார், ஏப்ரல் சேற்றில் புதைந்த என் காரை டிராக்டரால் இழுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர், வார இறுதிதோறும் சோறு போட்டு இடமும் தந்த கிரீன் பே நண்பர், அவர் மனைவி, அளவுநாடாவின் மறுமுனையை முகம் சுளிக்காமல் பிடித்த தம்பி, எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக, கட்டைக் களஞ்சியத்தை இடித்தவருக்கும். கூரை மாற்றும் செலவில் புதுத் தகரக் கொட்டகையே போட்டுவிடலாம் என்று கணக்குக் காட்டினார். எனக்கு மறுவார்த்தை வரவில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் போன் செய்தார். இயந்திரம் வாசலில் வாடகைக்கு நிற்க, நான் அளந்து வரைந்து முடிக்கும்வரை ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார். அந்தப் படத்தை வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். ஐயா, அவசியம் வந்து பாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் வேலியோரம் நின்று வரைந்தவன்