நீலகிரியில் போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். மாலையில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள் உங்களைப் போன்றோரிடம் பயிற்சிக்குப் போகிறவர்கள். அவர்கள் கொண்டுவரும் ஜெராக்ஸ் தாள்களே இந்த மடலுக்குக் காரணம். அடிக்கடி கேட்கப்படும் கடினமான ஆங்கிலச் சொற்கள் அவற்றில் அகர வரிசையில் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தச் சொல்லில், எந்த இடத்தில், ஏன் தவறுகிறோம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பட்டியலை முழுக்க மனப்பாடம் செய்திருந்த மாணவி ஒருத்தியிடம் 'ரெக்கமெண்ட்' என்று சொல்லி எழுதச் சொன்னேன். இரண்டு சி, ஒரு எம் போட்டாள். சரியானது அதற்கு நேர்மாறு: ஒரு சி, இரண்டு எம். அதைக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்க் காதால் கேட்டதை அவள் அப்படியே எழுதியிருக்கிறாள். நம் வாயில் அந்தச் சொல்லின் ககரம் இரட்டிக்கிறது, மகரம் இரட்டிப்பதில்லை. புளி வேறு, புள்ளி வேறு என்று பழகிய நமக்கு ஒற்று என்றால் அது ஒலிக்க வேண்டும். ஆங்கிலத்திலோ ஒரு சொல்லுக்குள் எழுத்து இரட்டித்தாலும் பெரும்பாலும் ஒலி மாறுவதில்லை. 'கமிட்டி' எழுதும்போது இரண்டு டீ சரியாக விழுந்துவிடுவதும், காதில் விழாத இரண்டாவது எம்மும் கடைசி இரட்டை ஈயும் தொலைந்துபோவதும் இதனால்தான்.

இதற்கான மருந்து உங்கள் தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. குரூப் 4 தேர்வுக்காகப் புணர்ச்சி நடத்துகிறீர்கள். 'கண்' என்பதும் 'நீர்' என்பதும் சேர்ந்து 'கண்ணீர்' ஆகும்போது நகரம் ணகரமாகத் திரிவதைப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். இலத்தீனிலும் அப்படி ஒரு திரிபு உண்டு. 'ஆட்' என்ற முன்னொட்டு 'காம்' என்பதன் முன் வந்தால், அதன் கடைசி எழுத்தான டி, சி ஆகத் திரிந்து இரட்டை சி உண்டாகிறது. 'காம்' என்பதன் பின் அளவைக் குறிக்கும் 'மோடஸ்' சேரும்போது எம்மும் எம்மும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் இரண்டு சி, இரண்டு எம் வந்த வழி இதுதான். 'ரெக்கமெண்ட்' என்பதில் முன்னால் நிற்பது 'ரீ'. அது உயிரில் முடிவதால் சி இரட்டிக்க வழியில்லை. இப்படிப் பிரித்துக் காட்டிய பிறகு அந்த மாணவி இந்த இரண்டு சொற்களிலும் தடுமாறவில்லை.

கண்ணையும் நம்ப முடியாது என்பதுதான் இங்குள்ள கூடுதல் சிக்கல். கட்டபெட்டு வழியாக ஊட்டிக்குப் பஸ்ஸில் போகிற பிள்ளைகள், விடுதிப் பலகைகளில் ஒற்றை எம்மோடு தொங்கும் 'அக்காமடேஷனை' அன்றாடம் பார்க்கிறார்கள். போதாததற்கு, மாதிரித் தேர்வுகளில் ஒரு சரியான வடிவத்துக்கு மூன்று பிழை வடிவங்களைப் பார்க்க வைக்கிறோம்.

வேறு சில சொற்களுக்கு உறவுச் சொல்லைக் காட்டினாலே போதும். 'கிராமர்' என்பதன் முடிவில் ஈயா ஏயா என்ற ஐயம் வந்தால் 'கிரமாட்டிகல்' என்று சொல்லிப் பார்க்கலாம். ஏ தெளிவாகக் கேட்கும். 'செப்பரேட்' என்பதன் நடுவில் இருப்பது 'பிரிப்பேர்' என்பதில் உள்ள அதே பி, ஏ, ஆர். உறவே காலை வாரும் சொற்களும் உண்டு. 'மெயின்டனன்ஸ்' என்பதற்குள் 'மெயின்டெயின்' என்ற சொல்லை முழுதாக வைத்துப் பல ஆண்டுகள் இயந்திரப் பதிவேட்டில் எழுதியவன் நான். தணிக்கைக்கு வந்தவர் சிவப்பு மையால் வட்டமிட்ட பிறகே திருந்தினேன். இத்தகைய சொற்களை உருப்போடத்தான் வேண்டும். உங்கள் பட்டியலில் இவை மட்டும் இருந்தால் ஒரே தாளில் அடங்கிவிடும்.

மத்திய அரசு வேலைகளுக்கு ஆளெடுக்கும் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரி நிலைத் தேர்வில், முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண்கள்; ஒவ்வொரு தவறான விடைக்கும் அரை மதிப்பெண் கழியும். கணினியில் விடையைச் சொடுக்கினால் போதுமே, எழுத்துப் பயிற்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான்கு வடிவங்களும் சரியாகவே தோன்றும் அந்த நொடியில், ஒருமுறையாவது தானே எழுதித் திருத்திய சொல்லைத்தான் பிள்ளை அடையாளம் காண்கிறது. இரண்டு எழுத்து தட்டியதும் மீதியைத் தானே நிரப்பிவிடும் கைபேசி அந்தப் பழக்கத்தைத் தராது.

ஆகவே, ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம், பத்துச் சொற்கள், தாளில் டிக்டேஷன் வையுங்கள். பிழைத்த இடத்தைப் பிள்ளைகளே வட்டமிட்டுக் காரணத்தையும் எழுதட்டும். கடைசிப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியவர்கள் இருப்பதால் அதை வகுப்பின் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது. சொற்களை வாசித்துக் கொடுக்க ஆள் இல்லையென்றால், கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் எங்கே அழைத்தாலும் வாரம் இரண்டு நாள் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவன்