நீல டிரம்களைத் திருப்பிக் கொடுங்கள்: எங்கள் குடியிருப்பு நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். போன வாரம் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். பி பிளாக்கின் பின்புறம், மொட்டை மாடிக் குழாய் இறங்கும் இடத்தில் மழைநீர் பிடிக்க நாங்கள் வைத்திருந்த இரண்டு நீல டிரம்களையும் 'அனுமதியின்றி வைக்கப்பட்ட பொருட்கள்' என்று அப்புறப்படுத்திவிட்டீர்கள். இனி மழைநீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவினால் அபராதமாம். டெங்கு, அழகுக் கேடு, மழைநீர் பொதுச் சொத்து என்று மூன்று காரணங்கள் வேறு. கடைசியில் 'ஒத்துழைப்புக்கு நன்றி' என்று போட்டு ஒரு கைகூப்பும் பொம்மையும் வைத்திருந்தீர்கள். அந்த மரியாதையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் தண்ணீர்க் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பல குடியிருப்புகளைப் போல நமக்கும் போர்வெல்லும் லாரியும்தான் கதி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் போர் அதற்கு எங்கேயோ மேலே நிற்கிறது என்பதை நீங்களே லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய சோதனை அறிக்கை சொல்கிறது.

அந்தத் தண்ணீரில்தான் இப்போது கார்களைக் கழுவச் சொல்கிறீர்கள். கழுவுவது நீங்களும் இல்லை, நானும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வாளியும் துணியுமாக வருகிற பெரியவர்தான். டிரம் இருந்தவரை அவருக்கு வேலை சுலபமாக இருந்தது. மழைநீரில் உப்பு இல்லாததால் ஒரு வாளியில் துடைத்து, அரை வாளியில் அலசிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். காய்ந்த பிறகும் கறை இருக்காது. இப்போது போர் தண்ணீரில் ஒரு கதவைக் கழுவினால் அது காய்வதற்குள் துடைத்தாக வேண்டும். அடுத்த கதவுக்குப் போய்த் திரும்பினால் முதல் கதவில் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்திருக்கும். வைப்பரின் அடியில், கைப்பிடிக் குழியில், பக்கக் கண்ணாடி பொருந்தும் இடுக்கில் படியும் உப்பு நகத்தால் சுரண்டினாலும் வருவதில்லை. வெயிலில் காயக் காயப் பெயின்ட்டின் மேல்பூச்சையே அது அரித்துவிடும் என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஏ பிளாக்கில் கறுப்பு வண்டிக்காரர் ஒருவர் 'சரியாகத் துடைக்கவில்லை' என்று இந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி சரியில்லைன்னா நான் என்ன சார் பண்ணட்டும்?"

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இன்னொரு வீட்டில் கறை விழாமலிருக்கக் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரை வாளியில் பிடித்துக் கொடுக்கிறார்கள். வீட்டு ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். லாரியில் காசு கொடுத்து வாங்கி, மோட்டார் போட்டு மேலே ஏற்றி, வடிகட்டி, முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் காரின் தலையில் ஊற்றுகிறோம். வானத்திலிருந்து சும்மா வந்த தண்ணீரைத் தொட்டால் மட்டும் அபராதம்.

ஆகவே பணிவான வேண்டுகோள்: டிரம்களைத் திருப்பி வையுங்கள்.

நீங்கள் சொன்ன காரணங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. டெங்கு பயம் நியாயமானது. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். திறந்து கிடக்கும் டிரம் அதற்கு அரண்மனை. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மாநகராட்சிக்காரர்கள் வந்து புழுவைப் பார்த்தால் நோட்டீஸ் சங்கத்தின் பெயருக்குத்தான் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயில் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டி, மூடி போட்டு, வாரத்துக்கொரு முறை காலி செய்துவிட்டால் கொசு எங்கிருந்து வரும்? இரண்டு டிரம்மிலும் சேர்த்து 400 லிட்டர். பெரியவர் கையில் அது ஒரு வாரம்கூட நிற்காது. தேங்க விட்டால்தானே கொசு! தவிர, சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் உடைந்த மூலையைப் போன மழைக்காலத்திலிருந்து செங்கல் வைத்து மறைத்திருக்கிறோம். டெங்குவுக்குப் பயந்த குழு முதலில் அங்கே போயிருக்கலாம்.

செயலர் சார் நேரில் கேட்டார்: "மழையில் நனைந்த வண்டியிலும்தான் புள்ளி விழுகிறது, அப்புறம் மழைத் தண்ணீர் எப்படி நல்லது?" நல்ல கேள்வி. அந்தப் புள்ளி மழையால் வருவதல்ல, காரின் மேல் ஏற்கெனவே படிந்திருந்த தூசி நனைந்து காய்வதால் வருவது. மொட்டை மாடியிலும் தூசியும் புறா எச்சமும் உண்டு. அதனால்தான் முதல் மழையை டிரம்மில் விடாமல் வெளியே விட்டுவிடுகிறோம். அதற்கென்று குழாயில் ஒரு வால்வு போட்டிருந்தோம். டிரம்மோடு சேர்த்து அதையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

'அழகுக் கேடு' என்ற காரணத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால், யாரும் போகாத மூலையில் நிற்கிற டிரம் யார் கண்ணை உறுத்தியது? வாசலில் லாரித் தண்ணீரில் ஓடுகிற நீரூற்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

மூன்றாவது காரணம்தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. 'மழைநீர் பொதுச் சொத்து. அது நிலத்தடிக்குப் போக வேண்டும், தனிநபர் கார்களுக்கு அல்ல' என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான வாக்கியம். ஒரு நாள் பி பிளாக் பின்புறம் வந்து அந்தக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சு கிணற்றுக்குப் போகவில்லை. கீழே எல் வளைவு ஒன்று போட்டு, சிமென்ட் பூசி, நேராகக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம் கட்டடம் அதற்குப் பிறகு வந்தது. அனுமதி வாங்கும் வரைபடத்தில் கிணறு இருக்கிறது, தோட்டத்தில் மூடியும் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய குழாயைத்தான் காணோம். பெருமழை நாளில் அந்தத் தொட்டியின் மூடி தூக்கிக்கொண்டு, தரைத்தளத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்களே, அதற்குக் காரணம் மாடித் தண்ணீர் மொத்தமும் சாக்கடையில் கலப்பதுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பி பிளாக் மாடி ஏறத்தாழ 4,000 சதுர அடி, அதாவது 370 சதுர மீட்டர். ஒரு மாலை இடிமழை நாலு சென்டிமீட்டர் பெய்தால், சிந்தியது ஆவியானது போக, பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்று கிட்டத்தட்ட நிறைந்துவிடும். அதில் நாங்கள் பிடித்தது வெறும் 400 லிட்டர். மிச்சமெல்லாம் மலத்தோடு போயிற்று. பொதுச் சொத்து!

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை கிடைக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை இந்தக் குழுவில் எல்லோரும் பார்த்தவர்கள்தான். 2024 மார்ச்சில் பெங்களூரில் கார் கழுவக் கூடாது என்று தடை போட்டார்கள், மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். ஆனால் அந்தத் தடை குடிநீருக்கு. மழைநீரால் கழுவக் கூடாது, போர் தண்ணீராலும் லாரித் தண்ணீராலும் தாராளமாகக் கழுவலாம் என்று சொன்ன முதல் நிர்வாகம் அநேகமாக நம்முடையதாகத்தான் இருக்கும். சி பிளாக்கில் ஞாயிறுதோறும் ஹோஸ் குழாயைத் திறந்துவிட்டுப் போன் பேசிக்கொண்டே வண்டி கழுவுகிறார் ஒருவர். பத்து நிமிடத்தில் நூறு லிட்டருக்கு மேல் போகும். அவருக்கு அபராதம் இல்லை. அவர் குழு உறுப்பினர் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நம்புகிறேன்.

பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போவது, லிஃப்ட் ஒப்பந்தம், வாட்ச்மேனுக்கு நாற்காலி கிடையாது என்பதெல்லாம் வேறு கதை. இங்கே இழுக்கவில்லை.

கார் கழுவுவதுதான் மழைநீரின் ஆகச் சிறந்த பயன் என்று நானும் சொல்லமாட்டேன். முதலில் சம்ப்புக்கும் கிணற்றுக்கும் போகட்டும், நிரம்பி வழிவது டிரம்முக்கு வரட்டும். உறிஞ்சு கிணற்றுப் பக்கத்தில் வண்டி கழுவக் கூடாது, ஷாம்பு நுரை கிணற்றில் இறங்கக் கூடாது என்று விதி போடுங்கள், முதல் ஆளாகக் கட்டுப்படுகிறேன். வெறும் தண்ணீரும் மென்துணியும் போதும்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. ஐப்பசி பிறந்த பிறகு பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டு, அதைத் தட்டச்சு செய்து ஒட்டுவதற்குள் மழையே முடிந்துவிடும். எனவே மறுபடியும், கைகூப்பித்தான் கேட்கிறேன்: இரண்டு டிரம்களையும் இருந்த இடத்திலேயே வைக்க அனுமதி தாருங்கள், அபராத அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள், அந்தக் குழாயைச் சாக்கடையிலிருந்து பிடுங்கிக் கிணற்றோடு இணையுங்கள். வால்வு, கொசுவலை, பிளம்பர் கூலி எல்லாவற்றையும் பி பிளாக்கில் கார் வைத்திருப்பவர்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறோம். சங்க நிதியில் ஒரு ரூபாய் வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை பிளம்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்டில் அவரைத் தடுக்காமல் உள்ளே விடச் சொல்லி வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்
(பராமரிப்புக் கட்டணம் இந்த மாதம் வரை பாக்கி இல்லை)