சலானைக் கட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்ல சுகம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து படி.

கார் என் பெயரில் இருப்பதால் போக்குவரத்து அபராதச் சலான் செய்தி என் போனுக்குத்தான் வந்தது. கரையில் காயப்போட்ட கடல்பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நம் டிஎன் 65 வண்டி, சென்னையில் 60 கி.மீ. போக வேண்டிய ரோட்டில் 78 கி.மீ. வேகத்தில் போனதாம். ஆயிரம் ரூபாய் அபராதமாம். முதலில் அது மோசடியோ என்றுதான் நினைத்தேன். சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று போனில் ஆப் ஏற்றுகிற ஃபைலை அனுப்பி, தொட்டவுடன் பேங்க் பணத்தை உருவிவிடுகிறார்களே, அது. லிங்க்கைத் தொடாமல் இ-சேவை மையத்துக்குப் போனேன். ஜிஓவி டாட் இன் என்று முடிகிற அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். நிஜமான சலான்தான்.

உன்னிடம் சொன்னதும், "நான் அவ்வளவு வேகத்தில் போகவே இல்லைம்மா" என்றாய். அதே மூச்சில், "ஆயிரம்தானே, கட்டிவிட்டால் முடிந்தது" என்றாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போகவில்லை என்றால் எதற்குக் கட்ட வேண்டும்? போனாய் என்றால் எதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும்?

நீ பிளஸ் டூ படித்த வருடம் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. பரீட்சை நேரம் என்று மறைத்துவிட்டோம். அப்போது எங்களிடம் பாசி வாங்கிக்கொண்டிருந்த ஏவாரி புதிதாக ஒரு கரண்ட் தராசு வாங்கி வைத்தார். சிவப்பு எண் ஓடுகிற தராசு. ஒருநாள் வீட்டில் தொங்கு தராசில் 31 கிலோ காட்டிய மூட்டை, அங்கே போய் வைத்தால் 28 கிலோ 200 கிராம். கேட்டேன். "மெஷின் பொய் சொல்லுமா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் கூட வந்த பெண்களும் அப்படித்தான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் கை கிழிய முங்கி முங்கி எடுத்த பாசி. அதை மெஷின் குறைத்துச் சொன்னால் எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் அப்படியே போயிற்று.

அப்புறம் ஒருநாள் மளிகைக் கடை அண்ணனிடம் சொல்லி அழுதபோது, அவர்தான் தன் தராசில் இருந்த ஈய முத்திரையைத் திருப்பிக் காட்டினார். கரண்ட் தராசு என்றால் வருடத்துக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும், முத்திரையில் வருடமும் அந்த வருடத்தின் எந்தக் காலாண்டு என்பதற்கு ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் குத்தியிருக்கும் என்றார். மறுநாள் அவரிடமே ஐந்து கிலோ இரும்புப் படிக்கல் நான்கை இரவல் வாங்கித் தூக்கிக்கொண்டு போனேன். ஏவாரி பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். 20 கிலோவுக்கு 18 கிலோ 200 கிராம் காட்டியது. முத்திரை இரண்டு வருடத்துக்கு முந்தியது. மறுவாரம் வேறு தராசு வந்தது. போன மூன்று மாதத்துக் காசு வரவேயில்லை. அந்தக் காசை விட, கேட்காமல் நின்ற அந்த மூன்று மாதம்தான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

அதற்காகக் கருவி என்றாலே சந்தேகப்படு என்று சொல்லவில்லை. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்றை அளக்கிற கருவி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பு விழுந்துவிடும், ரயில் நின்றுவிடும் என்று இருந்தது. 1964 புயலில் தனுஷ்கோடி ரயிலோடு போனவர்களைப் பற்றி உன் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கருவி தானாக முடிவு செய்ததில் எனக்கு நிம்மதிதான். வேகத்தைப் பிடிக்கிற கேமராவும் அப்படித்தான். ரோட்டைக் கடக்கிற பிள்ளைகளுக்கு அது காவல்.

சரி, உன் சலானுக்கு வருகிறேன். அதில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இ-சேவைப் பெண்ணிடம் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி அரைமணி நேரம் பார்த்தேன். முதல் படத்தில் நம் வெள்ளை வண்டி இடது பக்கம், முன் சக்கரம் விளக்குக் கம்பத்துக்கு நேராக. வலது பக்கத்தில் ஒரு கறுப்பு கார் உன்னை ஒட்டி முந்துகிறது. இரண்டாவது படம் அரை விநாடி கழித்து எடுத்தது, நேரம் கீழே அச்சாகியிருக்கிறது. 78 கி.மீ. வேகம் என்றால் அரை விநாடியில் வண்டி கிட்டத்தட்ட 10.8 மீட்டர் நகர வேண்டும். 60 என்றால் 8.3 மீட்டர். நம் கார் ஏறக்குறைய 4 மீட்டர் நீளம். படத்தில் அது கம்பத்திலிருந்து இரண்டு கார் நீளம்தான் போயிருக்கிறது. கறுப்பு கார்தான் மூன்று நீளத்துக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. அந்தக் கேமராவோடு இருக்கிற ரேடார், அலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்கிறது. இரண்டு வண்டி ஒட்டிப் போகும்போது எதன் மேல் பட்ட அலை திரும்பியது என்று கேட்கலாம் இல்லையா? திரையில் கட்டைவிரல் வைத்து நான் அளந்தது சாட்சி ஆகாது, தெரியும். ஆனால் கேள்வி கேட்க அது போதும்.

சட்டத்தையும் விசாரித்தேன். 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். இந்த மாதிரிக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தராசு முத்திரை மாதிரியே! படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது தம்பி. கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்க வேண்டும். சலானில் நம்பர் தெரிகிற படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். மின்னணுச் சாட்சிக்கான சான்றும் இருக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி, இப்போதைய சட்டத்தில் 63ஆவது பிரிவு. வழக்கு முடிகிறவரை பதிவை அழிக்கக் கூடாது. நோட்டீஸை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று 2021இல் சேர்த்த அந்த விதி சொன்னது. தேதிகளை எண்ணினேன், 9 நாளில் வந்திருக்கிறது. அதில் நாம் குறை சொல்ல இடமில்லை, சொல்லவும் வேண்டாம்.

முதலில் சலான் தளத்திலேயே புகார் பகுதியில் எழுது. படம் இரண்டையும் இணை. மூன்று விஷயம் மட்டும் கேள்: அந்தத் தேதியில் செல்லுபடியாகிற கருவிச் சான்றிதழ், எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடம், இரண்டு வண்டியில் எதை அளந்தார்கள் என்று காட்டும் முழுப் பதிவு. மரியாதையாக எழுது. அந்த அலுவலகத்தில் இருப்பவரும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதான். பதில் வராமல் விஷயம் ஆன்லைனில் நடக்கிற மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே இரண்டு வழி காட்டும்: அபராதம் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்கொள்கிறேன். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எதிர்கொள்கிறேன் என்றால் வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும், நேரில் நிற்க வேண்டி வரலாம். லீவு போட வேண்டியிருந்தால் போடு. வண்டி என் பெயரில் இருப்பதால் என்னை வரச் சொன்னால் ராமேஸ்வரம் ரயிலில் ஏறி நானே வருகிறேன். படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு இது பெரிய தூரமில்லை.

ஆனால் இதை எல்லாம் செய்வதற்கு முன்னால் ஒன்று, ராசா. கேமரா பிடித்த அந்த ராத்திரி நீ எவ்வளவு வேகத்தில் போனாய் என்று உனக்குத்தான் தெரியும். கறுப்பு காரோடு போட்டி போட்டாயா? இரண்டாவது படத்துக்கு முன்னால் பிரேக் மிதித்தாயா? கண்ணை மூடி யோசித்துப் பார். நிஜமாகவே 78 என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கே ஆயிரத்தைக் கட்டிவிடு, நான் ஒரு வார்த்தை திட்டமாட்டேன். சான்றிதழ் இல்லை, பலகை இல்லை என்று ஓட்டையைத் தேடித் தப்பிக்க இதை நான் எழுதவில்லை. போகவில்லை என்றால் மட்டும், ஒரு ரூபாய்கூடக் கட்டாதே.

படத்தின் பிரிண்ட் இரண்டும் இதோடு வைத்திருக்கிறேன். கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன், பார். அப்பா மாசிக்கருவாடு தனியாகக் கட்டி வைத்திருக்கிறார், அடுத்த வாரம் பஸ்ஸில் போட்டுவிடுகிறோம்.

புகார் போடும்போது ஓடிபி என் போனுக்குத்தான் வரும். பகலில் நான் தென்கடலில் இருப்பேன், போன் வீட்டில் கிடக்கும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் போடு. போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா