ஆட்டக்காரனின் தோளைப் பற்றி: கபடிக் குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கபடிக் குழு நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

நான் காட்பாடியில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். தை பிறந்ததும் ஊருக்கு ஊர் மின்னொளிப் போட்டிகள் தொடங்கிவிடும். அதையடுத்த வாரங்களில் என்னிடம் வரும் மூட்டு விலகிய தோள்களில் பெரும்பகுதி உங்கள் பிள்ளைகளுடையவை. பதினேழு, பதினெட்டு, இருபது வயது. கழுத்தில் கையைத் தாங்கும் ஆர்ம் பவுச், கையில் எக்ஸ்ரே உறை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஆப்பரேஷன் செய்துகொள்ளட்டுமா, வேண்டாமா அக்கா?"

நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் செல்பேசி அடிக்கும். எதிர்முனையில் உங்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டு பக்கம் ஆட்டம், வலது ஓரத்தில் பிடிக்க நிற்கும் ரைட் கார்னருக்கு ஆள் இல்லை, கட்டுப் போட்டுக்கொண்டாவது வந்து நிற்கட்டும் என்பீர்கள். அவன் என் முகத்தைப் பார்ப்பான். பிறகு "வருகிறேன் அண்ணே" என்பான். தோளைப் பற்றிய முடிவு அந்த நொடியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. மருத்துவர் எடுத்ததும் அல்ல, அவன் எடுத்ததும் அல்ல. போட்டி அட்டவணை எடுத்த முடிவு. அது மாற வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

அறுவைதான் சரி என்று வாதாட வரவில்லை. அறுவை வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பும் தோள்கள் நிறைய. ஆனால் எந்தத் தோளுக்கு எது என்று தெரிந்துகொள்ள அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்கக்கூடியவர்கள் நீங்கள்.

உடம்பில் மிக அதிகமாகச் சுழலும் மூட்டு தோள். அப்படிச் சுழல வேண்டுமென்றால் குழி ஆழமாக இருக்கக் கூடாது. அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போலத்தான் கை எலும்பின் உருண்டை அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. உருண்டை வெளியே போகாமல் காப்பது குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற ஜவ்வு வளையமும், தசைநார்களும், சுற்றியுள்ள தசைகளும்தான். பாடிப் போனவன் நான்கு பேர் மேலே கிடக்க நடுக்கோட்டைத் தொட விரல் நுனிவரை கையை நீட்டுகிறானே, அப்போதும், கார்னரில் நிற்பவன் தொடையைப் பிடித்த கையோடு இழுபடும்போதும் அந்த உருண்டை முன்பக்கமாக வெளியேறுகிறது. போகும்போது குழியின் முன் விளிம்பிலிருந்து ஜவ்வைப் பிய்த்துக்கொண்டு போகிறது. 1923-இல் பாங்கார்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே பாங்கார்ட் கிழிசல் என்கிறோம்.

தோள் இறங்கியதும் நம் மைதானங்களில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையைப் பிடித்து இழுப்பார், இன்னொருவர் நெஞ்சை அழுத்திப் பிடிப்பார். அந்த முறை பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்தே உள்ளதுதான். ஆனால் உள்ளே எலும்பும் முறிந்திருந்தால் அந்த இழுப்பில் முறிவு விலகிப் பெரிதாகும். அக்குள் நரம்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தால் பாதிப்பு கூடும். தோளின் வெளிப்புறத்தில், சட்டைக் கையில் சின்னம் தைக்கும் இடத்தில், விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே மரத்துப் போயிருக்கிறது என்று பையன் சொன்னால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இழுக்காதீர்கள். கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே துண்டாலும் தலையணையாலும் அணைத்துக் கட்டி, வண்டியில் ஏற்றுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், வழியில் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுத்த பிறகு, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து உள்ளே தள்ளினால் பெரும்பாலும் முரட்டு பலமே தேவைப்படாது.

தோள் உள்ளே போய்விட்டது, வலியும் குறைந்துவிட்டது. ஊரில் எல்லோரும் "சரியாகிவிட்டது" என்று சொல்லும் அந்தக் கட்டத்தில்தான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. உருண்டை திரும்பி வந்துவிட்டாலும் பிய்ந்த ஜவ்வு பழைய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இருபது வயதுக்கு உட்பட்டவன், மோதி விளையாடும் ஆட்டம், இந்த இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் விலகும் வாய்ப்பு பாதிக்கு மேல். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மறுபடி விலகுவது குறைவு. (மூத்தோர் ஆட்டத்தில் இறங்கும் அண்ணன்மார்களுக்கு இதில் வேறோர் ஆபத்து உண்டு: தோளைத் தூக்கும் தசைநாரே அறுந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்தும் கையை உயர்த்த முடியவில்லை என்றால் உடனே ஸ்கேன் எடுங்கள். முழுதாக அறுந்த நாரை நாள் கடத்திவிட்டுத் தைப்பது கடினம்.)

முதல் முறை விலகியதுமே இளைஞனுக்குத் தைத்துவிடலாமா என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. தைத்தால் மறுபடி விலகுவது வெகுவாகக் குறைகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லோருக்கும் முதல் முறையே தைத்தால், பயிற்சியிலேயே தேறியிருக்கக்கூடிய சிலரும் அறுவை மேசையில் படுத்திருப்பார்கள். எனவே முதல் முறை என்றால், சில வாரம் கையை ஓய்வில் வைத்து, பிறகு ஒழுங்காகத் தசைப்பயிற்சி செய்து பார்க்கலாம் என்பது நியாயமான வழி. அவன் ஆட்டத்தைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ளப் போகிறான் என்றால் முதல் முறையே அறுவையைப் பற்றிப் பேசுவதும் நியாயம்தான்.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்றால் என் பேச்சு மாறும். ஒவ்வொரு தடவை விலகும்போதும் குழியின் முன் விளிம்பு எலும்பு கொஞ்சம் தேய்கிறது, உருண்டையின் பின்பக்கத்தில் பள்ளம் விழுகிறது. குழியின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை தேய்ந்துவிட்டால், சிறு துளைகள் வழியே ஜவ்வை மட்டும் தைக்கும் ஆர்த்ராஸ்கோபி பலமாக நிற்காது. அப்போது தோளின் முன்னால் இருக்கும் ஒரு சிறு எலும்பை வெட்டி எடுத்து, குழியின் விளிம்பில் திருகாணி வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். லதார்ஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1954-இல் சொன்ன முறை அது. நல்ல அறுவைதான், ஆனால் பெரிய அறுவை. "இந்த சீசன் முடியட்டும்" என்று நீங்கள் சொல்லும்போது, அந்தப் பையன் சிறிய அறுவையிலிருந்து பெரிய அறுவைக்கு நகர்ந்துகொண்டிருக்கலாம். தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள்.

ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். பையனை மல்லாந்து படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி மெதுவாகப் பின்னுக்குச் சாய்ப்பேன். வலிக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்பே அவனுடைய இன்னொரு கை எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். வாய் "ஒன்றும் இல்லை அக்கா" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ராத்திரி புரண்டு படுக்கப் பயம், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கப் பயம், சட்டை மாட்டும்போதே நழுவுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிறகு வெளியே வரும். அத்தனை பயத்தோடும் அவன் உங்கள் கார்னரில் நின்றுகொண்டிருக்கிறான். தோள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தே பிடிக்கப் பாய்கிறான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தோள் நுனியில் அடிபட்டு, காறை எலும்பின் முனை மேடாகத் தெரிந்தால் ஊரே பதறுகிறது. அதில் பெரும்பாலானவை அறுவையே இல்லாமல் ஆறிவிடும். வாலிபால் அடிப்பவர்களுக்கும் வேகப்பந்து வீசுபவர்களுக்கும் கையை மேலே தூக்கும்போது வரும் வலிக்கு, உள்ளே எலும்பைக் கொஞ்சம் செதுக்கிவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் அத்தகைய வலியுள்ள 313 நோயாளிகளை வைத்து ஆய்வு செய்து 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடியவர்களுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'கிழிசல்' என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் நிலத்தை அடகு வைக்க ஓடுகிற பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: வலியே இல்லாமல் பந்து வீசிக்கொண்டிருப்பவர்களின் தோளிலும் ஸ்கேன் கிழிசல் காட்டும். அறிக்கைக்கு அறுவை கிடையாது. விலகுகிறதா, எத்தனை முறை, எலும்பு எவ்வளவு மிச்சம், என்ன வயது, இனி என்ன விளையாடப் போகிறான், என்ன வேலை பார்க்கிறான், இவற்றை வைத்துத்தான் முடிவு.

வேலையைச் சொன்னேனே, அதுவும் தோளின் விஷயம்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேசையில் அமர்ந்து வேலை செய்பவனும், இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் சுமை தூக்குபவனும் ஒரே மாதிரி முடிவெடுக்க முடியாது. காவலர் தேர்வுக்குத் தயாராகிறவனுக்குக் கயிறு ஏறும் சோதனை காத்திருக்கிறது. நழுவும் தோளோடு கயிற்றில் தொங்க முடியுமா? அறுவை செய்தால் மோதல் ஆட்டத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு மாதம். அந்த ஆறு மாதம் தேர்வுத் தேதிக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று அவனும் வீட்டாரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் சுழற்கோப்பைக்குக் கடைசி இடம் கொடுங்கள்.

"ஆப்பரேஷன் செய்தால் ஆட்டம் முடிந்தது" என்று மைதானத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. உண்மை அதுவல்ல. முறையாகத் தைத்து, முறையாகப் பயிற்சி செய்தவர்களில் பெரும்பாலானோர் ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள். சிலருக்குத் தோள் இறுகிப்போவதும், சிலருக்கு மறுபடி விலகுவதும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. இந்த இரண்டையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிப்பதுதான் சம்மதம்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1940-களின் இறுதியில் இங்கே பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். நார் மாற்றிய விரலுக்கு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதனால் பயிற்சி அந்தச் சிகிச்சையில் சரிபாதி. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார். பின்னர் அவர் தலைமையில் வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்காக ரயிலேறி வருகிற குடும்பங்களைக் காட்பாடி நிலையத்தில் தினமும் பார்க்கிறேன். அப்படிப்பட்ட ஊரின் பையன்கள், தையல் பிரித்த மறுவாரமே பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதைவிட வருத்தம் தருவது வேறில்லை.

ஏன் விடுகிறார்கள் என்று கேட்டால் பஸ் கட்டணம், போன கூலி, இரண்டும்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அந்த அட்டை போன கூலியைக் கொடுக்காது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மீதியை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பரிசுப் பணத்தில் ஒரு பங்கை அடிபட்டவனுக்கென்று ஒதுக்குங்கள். அவன் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். தைத்த தோளோடு ஓடலாம், காலுக்குப் பயிற்சி செய்யலாம், ஓரத்தில் அமர்ந்து புள்ளி எழுதலாம். "உன் இடம் இருக்கிறது, தேறி வா" என்ற ஒரு வார்த்தை கிடைத்தவன் தோள் பயிற்சிக்கான ரப்பர் பட்டையை ஒரு நாளும் கீழே வைப்பதில்லை. கிடைக்காதவன் மூன்றாம் மாதமே திருட்டுத்தனமாக மைதானத்தில் இறங்குகிறான்.

வலி ஊசி போட்டு இறக்குவதை மட்டும் அறவே நிறுத்துங்கள். வலிதான் அவனைத் தடுத்து நிறுத்தும் கடைசிக் காவல். அதையும் மரக்க வைத்துவிட்டுப் பாய்ச்சலுக்கு அனுப்புவதை எந்தக் கோப்பையும் நியாயமாக்காது.

விதிப்படி அணிக்குப் பன்னிரண்டு பேர். களத்தில் நிற்பது ஏழு பேர். மீதி ஐந்து பேரில் இரண்டு பேருக்காவது கார்னர், கவர் என்ற பிடிக்கும் இடங்களை இப்போதே கற்றுக்கொடுத்தால், தையில் யாருக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய நிலை வராது. கார்த்திகை, மார்கழியில் ஞாயிறு காலைப் பயிற்சிக்கு, பள்ளிகொண்டாவிலிருந்து வாணியம்பாடி வரை எந்த மைதானத்துக்கு அழைத்தாலும் வருகிறேன். கட்டணம் வேண்டாம். ஒரு பாயும், ஒரு மணி நேரமும் கொடுங்கள். முன்பு ஒரு முறையாவது தோள் இறங்கியவர்களை முதலில் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் இயன்முறை மருத்துவர்,
காட்பாடி