பிளாட்டினப் பரப்பைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

ஆய்வேடுகளின் நன்றிப் பக்கத்தில் நிதி தந்தவர்களும் நெறியாளர்களும் இடம்பிடித்துவிடுகிறார்கள். அங்கே விட்டுப்போனவர்களுக்கு எங்கள் பரப்பு வேதியியல் குழு எழுதும் மடல் இது.

முதல் வணக்கம் பட்டறை அண்ணன்மாருக்கு. வெற்றிடக் கலனின் ஃபிளாஞ்சில், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் தட்டில், கத்தி போன்ற எஃகு விளிம்பு செம்பு வளையத்துக்குள் பதிந்துதான் காற்றைத் தடுக்கிறது. அந்த விளிம்பின் குறுக்கே மயிரிழைக் கீறல் விழுந்தாலும் கலனுக்குள் எங்களுக்கு வேண்டிய மிகக் குறைந்த வாயு அழுத்தமான 10⁻¹⁰ மில்லிபாரை மறந்துவிட வேண்டியதுதான். நீங்கள் கடைந்து அனுப்பியவை ஒன்றுவிடாமல் பிளாஸ்டிக் மூடி போட்டு வந்தன. போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்கச் சொன்னதும் நீங்களே. ஒரே பக்கம் இறுக்கினால் வளையம் கோணலாக அழுந்தும். ஒருமுறை அழுந்திய வளையம் பிறகு பழைய செம்புதான்.

இவ்வளவு பாடும் எதற்கு? ஆர்கான் அயனியால் அடித்து, 1000 கெல்வினுக்குச் சூடேற்றிச் சுத்தமாக்கிய பிளாட்டினத்தை, 10⁻⁶ மில்லிபாரில் மிச்சமுள்ள வாயு சில விநாடிகளில் மூடிவிடும். 10⁻¹⁰ இல் சில மணி நேரம் கிடைக்கும். இந்த ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஏறிய கார்பன் மோனாக்சைடு வரைபடங்கள் எல்லாம் அந்த அவகாசத்தில் எடுத்தவை.

மின் பிரிவினருக்கு: கலனை 150 பாகை செல்சியசில் இரண்டு நாள் சுட வைக்கத் தனி இணைப்பு தந்தீர்கள். சுடாவிட்டால் எஃகுச் சுவரில் ஒட்டிய நீராவி வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். பார்வைக் கண்ணாடிதான் நோஞ்சான். நிமிடத்துக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்றினால் உலோகத்தோடு சேரும் இடத்தில் விரிசல் விடலாம்.

ஹீலியம் கசிவுமானியைக் கேட்டபோதெல்லாம் கொடுத்த இயற்பியல் துறைக்கும் கடன்பட்டிருக்கிறோம். மிச்ச வாயுக்களை மூலக்கூறு நிறைவாரியாகக் காட்டும் நிறைமாலையில் 18 ஓங்கினால் நீர், இன்னும் சுட வேண்டும்; 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) இரண்டும் ஏறக்குறைய நாலுக்கு ஒன்றாக நின்றால் காற்று, ஓட்டை தேட வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்கப் பழகியபின் உங்களை நாங்கள் தொந்தரவு செய்வது குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

இரவுக் காவலர் ஐயாவுக்குத் தனி நன்றி. மின்சாரம் போய், கலனிலிருந்து வாயுவை வெளியேற்றும் டர்போ பம்பு நின்று, அதற்கும் அதன் பின்னால் உள்ள ரோட்டரி பம்புக்கும் இடையிலான வால்வும் மூடாமல் போனால், ரோட்டரி பம்பின் எண்ணெய் ஆவி கலனுக்குள் ஏறிவிடும். அப்புறம் பிளாட்டினத்தில் கரிதான். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் நீங்கள் அழைத்த அழைப்பு அந்த வால்வை நேரத்தில் மூட வைத்தது.

அடுத்த சூடேற்றம் வெள்ளி மாலை தொடங்குகிறது. கதவில் சிவப்பு அட்டை தொங்கும் நேரமெல்லாம் கலனைச் சுற்றிய அலுமினியத் தாளைத் தொட வேண்டாம்.

அன்புடன்,
பரப்பு வேதியியல் ஆய்வுக் குழு